பாதை என்பது இங்கே ஒரு மிதவை

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு கடல் வாய்க்கால். இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று தெரியும். நடுவில் ஒல்லாந்தர் வைத்திருந்த கடற்கோட்டை நிற்கிறது. இந்த நீரைக் கடக்க ஒரு மிதவை ஓடுகிறது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மீன்பெட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் ஏறிக்கொள்வார்கள். ஊரார் அதற்கு இட்ட பெயர் 'பாதை'. "பாதை வந்திட்டுதோ?" என்று கரையில் நிற்பவர் கேட்பார். "இண்டைக்குப் பாதை ஓடேல்லை" என்று இன்னொருவர் சொல்வார். தமிழகத்திலிருந்து வருபவருக்கு இந்தப் பேச்சு ஒரு கணம் புரியாது. பாதை எப்படி வரும், பாதை எப்படி ஓடும்?

யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான தீவகத்தின் யாத்திரை வழியைப் பற்றி எழுதத் தொடங்கும்போது எனக்கு முதலில் எழும் சொல் இதுதான். காலால் நடக்கும் வழிக்கும் நீரைக் கடத்திவிடும் கலத்துக்கும் ஒரே பெயர் வைத்த மக்கள், பயணம் என்பதைத் தரையில் நடப்பதாக மட்டும் நினைத்திருக்க முடியாது. நாம் அதிகம் எழுதியது கோயில்களைப் பற்றி. நயினாதீவு நாகபூஷணி அம்மனைப் பற்றி, நாகவிகாரையைப் பற்றி, நாகதீபம் எது, மணிபல்லவம் எது என்ற வாதங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தக் கோயில்களுக்குப் போன வழிக்கு அதே அக்கறை கிடைக்கவில்லை. வழியும் ஒரு சான்றுதான். கல்வெட்டைப் போல அதையும் வாசிக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

உலகில் வேறு இடங்களில் இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை 1987இல் ஐரோப்பிய மன்றம் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993இல் யுனெஸ்கோ அந்த வழியையே உலக மரபாகப் பதிந்தது. திருத்தூதர் யாக்கோபுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் நகரம் தனியே பதிவாகியிருந்தும், அதற்குப் போகும் பாதையும் மரபு என்று ஏற்றுக்கொண்டார்கள். ஜப்பானின் கீ மலைத்தொடர் யாத்திரை வழிகள் 2004இல் அதே இடத்தைப் பெற்றன.

தீவகத்துக்கு நெருங்கிய ஒப்புமை எனக்குத் தெரிவது கிரேக்கத்தின் ஆதோஸ் மலை. மத்தியதரைக் கடலின் ஒரு கிளையான ஏஜியன் கடலுக்குள் நீண்டு கிடக்கும் குடாநாடு அது. அதன் உச்சி 2,033 மீட்டர். தரையோடு ஒட்டியிருந்தாலும் யாத்திரிகர் படகேறித்தான் போகிறார்கள். தாஃப்னி என்ற துறையில் இறங்கி, இருபது மடாலயங்களுக்கு இடையே கல்பாவிய ஒற்றையடிப் பாதைகளில் நாள்கணக்கில் நடப்பார்கள். 1963இல் ஆயிரமாவது ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக அங்கே மோட்டார் சாலை போட்டார்கள். அதன்பின் ஆள் நடக்காத பாதைகளைப் புதர் மூடியது. இப்போது தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் போய்ப் புதர் வெட்டிப் பழைய பாதைகளைத் திறந்துவிடுகிறார்கள். பெண்கள் கால் வைக்க முடியாத மலை அது. நம் வழியிலோ குழந்தை வரம் கேட்டுப் போகும் பெண்களே முன்னே நடப்பவர்கள். மற்றபடி கடலும் துறையும் நடையும், வந்து சேர்ந்த சாலையும் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்கு இரண்டு வாசல்கள். கோட்டைப் பக்கத்திலிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறிப் பரவைக்கடலைக் குறுக்கே கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குப் போவது ஒன்று. மற்றது வடக்கால் சுற்றும் வழி. பொன்னாலைத் தாம்போதியில் காரைநகருக்குப் போய், ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர் பெற்ற திண்ணபுரம் சிவன் கோயிலைக் கும்பிட்டு, பாதையேறி ஊர்காவற்றுறையில் இறங்கி, கரம்பொன், நாரந்தனை, சரவணை என்று நடந்து வேலணையைப் பிடிப்பது. இரண்டும் கூடியபின் வாணர் பாலம். அதைத் தாண்டினால் புங்குடுதீவு. அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நகரத்திலிருந்து தெற்கு வழியே குறிகட்டுவானுக்குத் தூரம் 30 கிலோமீட்டரை ஒட்டி வரும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரம் அல்லது சற்று மேல். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வடக்கால் போய், நயினாதீவும் நெடுந்தீவும் கண்டு, தெற்கால் திரும்பினால் நான்கு நாள் நடை.

மலை இல்லாத நடை இது. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பனையும் கோபுரமும்தான் உயரம். அதனால் களைப்பில்லை என்று நினைக்க வேண்டாம். இங்கே களைப்பைத் தருவது வெயிலும் காற்றும் உப்பும். நாகபூஷணி அம்மன் கொடியேற்றம் ஆனி மாதத்தில் வருகிறது. சோளகக் காற்று முழுவேகத்தில் வீசும் காலம் அது. தாம்போதியில் காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளும். நெடுந்தீவுக் கடலில் படகு எழும்பி விழும். காற்றுக்காகக் கொடியேற்றத்தின் நாள் மாறாது என்பதால் யாத்திரிகர் காற்றோடுதான் போகவேண்டும்.

இப்படிப்பட்ட நிலத்தில் நடப்பவருக்கு முதல் தேவை தண்ணீர். தீவுகளின் கிணறுகள் பல உவர். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடங்களை மக்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்திருந்தார்கள். வேலணையின் தென்கரையில் சாட்டி அப்படிப்பட்ட இடம். மணலுக்கடியில் மழைநீர் தங்கி, கடற்கரையிலேயே நன்னீர் ஊறும். தீவகத்துக்குக் குடிதண்ணீர் தரும் கிணறுகள் அங்கே உள்ளன. அதே சாட்டியில்தான் கத்தோலிக்கரின் சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது. நல்ல பயணத்தின் மாதா அவர். கடலோடிகளுக்கும் வழிநடப்பவர்களுக்கும் துணை என்று நம்பப்படுபவர். நன்னீரும் பயணத்தின் காவல் தெய்வமும் ஒரே கடற்கரையில் அமைந்திருப்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. தண்ணீருக்காக நின்ற இடத்தில் கும்பிடு வந்திருக்கும்.

ஊர்ப்பெயர்களையும் இப்படி வாசிக்கலாம். வாணர் பாலம் கடந்து புங்குடுதீவில் காலடி வைத்ததும் வரும் பகுதியின் பெயர் மடத்துவெளி. வேலணையில் வங்களாவடிச் சந்தி. யாழ் நகரத்திலேயே ஓட்டுமடம், ஆறுகால்மடம். ஓடு வேய்ந்த மடம், ஆறு தூண் நின்ற மடம் என்று பெயரே கட்டடத்தைச் சொல்கிறது. வங்களா என்பது அதிகாரிகள் தங்கும் விடுதி. மடம் என்பது வழிப்போக்கர் படுத்து எழுந்து போகக்கூடிய திண்ணை. இந்தப் பெயர்களை ஒரு வரைபடத்தில் குறித்துக் கோடிழுத்தால், சாலை போடுவதற்கு முன்பே மக்கள் நடந்த வழியின் நிழல் அதில் விழும். மடம் எப்படி இருக்கும் என்று காண விரும்புபவர் பருத்தித்துறைக்குப் போகலாம். அங்குள்ள தெருமூடி மடம் தெருவின் இரு பக்கமும் திண்ணை கட்டி, மேலே கூரையிட்டு, தெருவையே தன் அடியில் ஓடவிடுகிறது. வழியிலிருந்து விலகி நிற்கும் கட்டடமல்ல அது. வெயிலில் வருபவர் தானாகவே நிழலுக்குள் நுழைந்துவிடுவார்.

மடத்தோடு சேர்ந்தவை சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் கேணியும் தண்ணீர்ப் பந்தலும். சுமைதாங்கி என்பது தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க, நின்றவாக்கில் எட்டும் உயரத்தில் அமைத்த கல். பிள்ளை வயிற்றில் இருக்க இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் தமிழர் நிலம் முழுக்க உண்டு. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் எல்லாருக்கும் ஓர் இறக்குமிடம். இதைவிட ஆழமான நினைவுச்சின்னத்தை நான் அறியேன். ஆவுரஞ்சிக் கல் மாட்டுக்கு. மேய்ந்து திரும்பும் மாடு உடம்பைத் தேய்த்துத் தினவு தீர்த்துக்கொள்ள நட்ட கல். பக்கத்தில் கேணி. மனிதனோடு மாட்டின் களைப்பையும் எண்ணிச் செய்த ஏற்பாடு இது. ஜப்பானின் ஷிகோகு தீவில், எண்பத்தெட்டுக் கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடப்பவருக்கு ஊரார் உணவும் பழமும் கொடுத்து உபசரிக்கும் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதை வியந்து படிக்கும் நம்மவர், சொந்த ஊர்ச் சந்தியில் சாய்ந்து கிடக்கும் சுமைதாங்கியைப் பார்க்காமல் கடந்து போகிறோம். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்க்கப்படுபவை இந்தக் கற்கள்தான் என்பது என் உண்மையான கவலை.

இந்த அக்கறைக்கு அரச ஆணையின் வடிவில் ஒரு சான்று இருக்கிறது. அது நயினாதீவிலேயே இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். கோயிலுக்குக் கொடுத்த நிலத்தையோ விளக்கையோ அது பேசவில்லை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைப் பற்றிப் பேசுகிறது. பல துறைகளிலிருந்தும் அவர்கள் வந்து கூடவேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி.

உடைந்த கலத்தின் பொருள் கரையை ஆள்பவனுக்கே சொந்தம் என்பது பல நாட்டுக் கடற்கரைகளில் நடப்பிலிருந்த வழக்கம். அந்த நிலையில் இந்த ஆணையைப் பார்க்க வேண்டும். யானையும் குதிரையும் அரசனுக்குப் படைவலிமை, ஆகவே அவற்றைக் கொண்டுவருபவனுக்குச் சலுகை கூட என்பது வெளிப்படை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும், தெரியாத மொழி பேசிக்கொண்டு நனைந்த துணியோடு கரை ஏறும் ஒருவனுக்கு இந்த மண்ணில் உரிமை உண்டு என்று அந்தக் கல் சொல்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. அந்தப் பரதேசிகள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள் என்பதற்கு வழியிலேயே விடை கிடைத்தது. 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்வெல் அல்லைப்பிட்டியில் சீனத்துச் சொங் அரசர் காலத்துப் பீங்கான்களைக் கண்டெடுத்தார். பஸ் ஜன்னலில் சில நிமிடங்களில் கடந்துபோகும் அந்த ஊர்க் கரையில் சீனத்துச் சரக்கு இறங்கியிருக்கிறது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைத் துறை என்ற பொருளில் அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அது 'கயிற்ஸ்' என்று தேய்ந்தது. வந்தவர்கள் எல்லாரும் பெயர் வைத்தார்கள். ஒல்லாந்தர் நயினாதீவை ஹார்லெம் என்றார்கள், புங்குடுதீவை மிடல்பர்க் என்றார்கள், காரைதீவை, அதாவது காரைநகரை, ஆம்ஸ்டர்டாம் என்றார்கள். நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது.

நாகதீபம் யாருடையது என்ற வாதத்துக்கு இங்கே அதிக இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மகாவம்சம், இரத்தின ஆசனத்துக்காகச் சண்டையிட்ட நாக அரசர்களான சூளோதரனையும் மகோதரனையும் சமாதானப்படுத்தப் புத்தர் நாகதீபத்துக்கு வந்ததாகச் சொல்கிறது. மணிமேகலையில் வரும் மணிபல்லவத்திலும் அதை ஒத்த ஆசனக் கதை உண்டு. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி வெளிப்படுவதும் அங்கேதான். 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, நாகதீபம் என்ற பெயர் குடாநாட்டையே குறித்திருக்கலாம் என்று காட்டியது. ஆகவே நயினாதீவு ஒன்றுதான் நாகதீபம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மணிபல்லவம் பற்றியும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை வழியின் கண்ணால் பார்த்தால், எல்லாரும் கடல் கடந்தே வருகிறார்கள். புத்தர் வருகிறார், மணிமேகலை வருகிறாள். நயினாதீவின் சொந்தக் கதையிலோ, அம்மனுக்குப் பூக் கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறிக்க, அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் இடையில் புகுந்து நாகத்தைக் காப்பாற்றுகிறான். நாகம் சுற்றிய கல் என்றும் கருடன் இருந்த கல் என்றும் கடலில் இரண்டு பாறைகளை இன்றும் காட்டுவார்கள். வழிபட வந்த உயிருக்கு வழியில் தீங்கு வரக்கூடாது என்பதே அந்தக் கதையின் உள்ளுயிர். பராக்கிரமபாகுவின் கல் சட்டமாகச் சொன்னதை ஊர் கதையாகச் சொல்லியிருக்கிறது. வந்து சேர்ந்தவரின் பசியைத் தீர்க்கக் கோயில் அருகே நிற்கும் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நயினாதீவுக்குப் படகேறும் அதே துறையிலிருந்து இன்னொரு யாத்திரையும் புறப்படுகிறது. தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போகும் யாழ்ப்பாணத்தார் குறிகட்டுவானில் படகேறுகிறார்கள். மறுபக்கம் இராமேசுவரத்திலிருந்து தமிழகத்தார் வருகிறார்கள். இராமநாதபுரத்துச் சீனிக்குப்பன் படையாச்சி 1905இல் அங்கே கோயில் கட்டினார் என்று சொல்வார்கள். தீவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். மாலையில் சிலுவைப்பாதை நடக்கும். இரு நாட்டுத் தமிழர் ஒரே செபத்தைச் சொல்லிக்கொண்டு ஒரே மண்ணில் நடப்பார்கள். 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கை தீவை இலங்கைக்கு உரியதாக்கியது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்கு வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்றது. எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இதே நீர்ப்பரப்பைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு அரச ஆவணங்களிலும், கரைக்கு வருபவனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி இருக்கிறது. மீனவர் விஷயத்தில் அந்தப் பிரிவு எப்படி வாசிக்கப்படுகிறது என்பது தனி வேதனை. யாத்திரிகர் விஷயத்தில், போர் நிறுத்திவைத்த ஆண்டுகளைத் தாண்டி அந்த வழி மீண்டும் திறந்துகொண்டது.

போர் இந்த வழி முழுவதையும் வெட்டிப்போட்டது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவின் மாவிலித்துறையில் அவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். 1990இலும் 1991இலும் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது புங்குடுதீவும் வேலணையும் ஆள் இல்லாமல் போயின. யாத்திரை வழியில் இருந்த வீடுகள் கூரை இழந்து, முற்றத்தில் பூவரசும் வடலியும் முளைத்து நின்றன. அந்த ஊரவர் இன்று தொரன்ரோவிலும் பாரிஸிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் திரும்பி வந்து ஏசி வானில் குறிகட்டுவானுக்குப் போய்த் தேர் பார்த்துவிட்டு அன்றே திரும்புபவர் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்குவதற்கு அவர்களின் வீடு அங்கே இல்லை.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மண்டூர், உகந்தை, குமணக் காடு என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்கும் பாதயாத்திரை போரில் குலைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. அதற்கு நூல்கள் உண்டு, படங்கள் உண்டு, வழிகாட்டும் மூத்த சாமிகள் உண்டு. தீவக வழிக்கு அப்படி ஒரு பதிவு வேண்டும். அதற்கான அவசரம் வயதால் வந்திருக்கிறது. தாம்போதிகளும் பாலங்களும் வருமுன், நீர் வற்றிய இடத்தில் இறங்கி நடந்தும் ஆழமான இடத்தில் வள்ளம் பிடித்தும் போனவர்களைக் கண்ட பிள்ளைகள் இப்போது முதியவர்கள். துறைகளின் பழைய பெயர்கள் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. மாவிலித்துறை வரைபடத்தில் இருக்கிறது. புங்குடுதீவின் கழுதைப்பிட்டித் துறையைக் குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும் பிள்ளை ஒன்று கேள்விப்பட்டிருக்குமோ என்பது சந்தேகம்.

பதிவு செய்யப் போகும் மாணவருக்கு நான் ஒரு கேள்வித்தாள் எழுதிக்கொடுப்பதானால் கோயில் வரலாற்றை அதில் கேட்கமாட்டேன். அதை எல்லாரும் ஒரேமாதிரிச் சொல்லிவிடுவார்கள். அம்மா, நயினாதீவுக்கு நடந்து போன அந்த வருஷம் விடியற்காலை எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்கள்? பொதியில் என்ன கட்டினீர்கள்? யார் யார் கூட வந்தார்கள், சாதி பார்த்து எந்தப் படியில் இருக்கவிட்டார்கள், எதில் விடவில்லை? சோளகம் அடித்த நாளில் வள்ளக்காரர் எந்தப் பக்கம் திருப்பினார்? கைக்குழந்தையை யார் தூக்கினார்கள்? மடத்துவெளியில் இருந்து எழும்பினபிறகு, எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தீர்கள்?